இடது டயரின் உள்பக்கம்

ஆகஸ்ட் 5, திங்கள்

முதலாளி அங்குராஜ் இன்று காலை ஒரு நீள நோட்டை என் கையில் திணித்தார்.

"மேடம், வண்டிய யாரு எத்தனை மணிக்கு எடுக்குறாங்க, எந்த ரோட்டுல போறாங்க, திரும்பி வந்ததும் டயரு எப்படி இருக்கு, எல்லாத்தையும் தினம் எழுதிட்டு வாங்க. யாரு தப்புன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். தெரிஞ்சிருச்சுன்னா அந்தாளுக்கு இங்க வேலை இல்ல."

நோட்டின் முன்பக்கத்தில் அவருக்கு வேண்டியதை எழுதுவேன். பின்பக்கத்திலிருந்து எனக்கு வேண்டியதை எழுதிக்கொள்கிறேன். பின்பக்கம் புரட்டிப் பார்க்கிற ஆள் இல்லை அவர். முன்பக்கத்தையே முழுசாகப் படிப்பாரா என்பது சந்தேகம்.

விஷயம் இதுதான். எங்கள் டிரைவிங் ஸ்கூலின் வெள்ளைக் காருக்கு ஒரே வருஷத்தில் இரண்டு தடவை இடது பக்க டயர்களை மாற்றியாகிவிட்டது. வலது பக்க டயர்கள் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கின்றன. இடது பக்கம் மட்டும் தேய்கிறது. அதிலும் ரோட்டைத் தொடுகிற பாகம் தேயவில்லை, டயரின் பக்கச்சுவர் தேய்கிறது. அதிலும் வெளிச்சுவர் இல்லை, வண்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தால் மட்டும் தெரிகிற உள்சுவர். ரப்பர் வழித்து எடுத்தாற்போல் போய் உள்ளே நூல் தெரிகிறது. போன வாரம் பைபாஸில் பின்டயர் வெடித்தது. மெதுவாகப் போனதால் தப்பித்தோம்.

இந்தக் காரில் சொல்லிக்கொடுப்பவர்கள் இரண்டே பேர். காலையில் பெண்கள் வகுப்பு. அது நான், அமலோற்பவம், பதினாறு வருஷ சர்வீஸ். மாலையில் ஆண்கள் வகுப்பு. அது சோலைராஜ், நாலு வருஷ சர்வீஸ். என் தப்பு இல்லையென்றால் மிச்சம் யார் என்று சொல்லப் பெரிய படிப்பு வேண்டாம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

தமிழரசியை ஓட்டச் சொல்லி, வகுப்போடு வகுப்பாகத் தாகிர் பாயின் டயர் கடைக்குப் போனேன். தமிழரசி தபால் ஆபீசில் கிளார்க். புருஷன் புதுக் கார் வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கிறார். அதை எடுக்கும் ஆசையில் ஒரு நாள்கூட லீவு போடாமல் வருகிறாள்.

பாய் என்னை எப்போதும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார். கிண்டலா மரியாதையா என்று பதினாறு வருஷமாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. டயரைக் கழற்றிப் போட்டு உள்ளங்கையால் ஒரு சுற்று தடவினார்.

"டீச்சரம்மா, மேல ரோட்டத் தொடுற பட்டனைப் பாருங்க, ஒரே மட்டமா இருக்கு. அலைன்மென்ட் கோளாறுன்னா பட்டன்ல ஒரு ஓரம் மட்டும் தேயும். காத்து கம்மின்னா ரெண்டு ஓரமும் தேயும். இது ரெண்டும் இல்ல. வெளியில இருந்து என்னமோ உரசுது."

என்னிடம் ஒரு யோசனை இருந்தது. நாங்கள் தினமும் மைதானத்தில் எட்டு போடச் சொல்லிக்கொடுக்கிறோம். ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடிக்கும்போது டயர் உள்ளே எங்கேயோ இடிக்கும் என்று சொன்னேன். ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகச் சொன்னதாக நினைப்பு.

"முன்டயரு சரிம்மா. பின்டயரு எங்க ஒடியுது?" என்றார் பாய். "எட்டுன்னா ரெண்டு பக்கமும்தான ஒடிப்பீங்க? வலது ஏன் தேயல?"

தமிழரசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததுதான் எனக்கு எரிச்சல்.

ஆகஸ்ட் 7, புதன்

காற்று பார்த்தேன். நாலும் சரி. மழை இல்லை. வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. நான் ஒருத்திதானே என்று ரொட்டியும் பாலும் சாப்பிட்டுப் படுத்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

தமிழரசி இன்று என்னிடம் வாயாடினாள். பழனி ரோட்டில் எதிரே ஒரு பஸ் வந்தது. வண்டி மண்ணில் இறங்கி, குலுங்கி, மறுபடி தாரில் ஏறியது.

"மேடம், நான் நேராத்தான் புடிச்சிருந்தேன். நீங்கதான் இழுத்தீங்க."

"இழுக்காம விட்டிருந்தா அந்த பஸ்ஸு உங்க மடியில உக்காந்திருக்கும்."

"அதுக்கும் நமக்கும் நடுவுல இன்னொரு காரே போகலாம் மேடம்!"

தபால் ஆபீசில் உட்கார்ந்து முத்திரை குத்துகிறவளுக்கு ரோட்டின் அகலம் தெரிந்துவிட்டது. சொல்லிக்கொடுப்பவர் இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்றால் சும்மா உட்கார்ந்திருப்பதாக இவர்களுக்கு எண்ணம். காலுக்குக் கீழே எனக்கும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. தேவைப்பட்டால் வலது கை ஸ்டியரிங்குக்கும் போகும். அது என் வேலை. பயமாக இருந்தால் இடது பக்கம் ஒதுங்கு, எவனும் எதுவும் செய்ய முடியாது என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

பாய் கண்டுபிடித்துவிட்டார். தேய்ந்த டயரின் வெடிப்பில் திருப்புளியை விட்டுக் கிளறி, உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். செம்மண், அதோடு கறுப்பாகத் தார்ப்பொடி.

"நம்ம ரோட்டுல தாருக்கும் மண்ணுக்கும் நடுவுல அரை அடி பள்ளம் கிடக்குல்ல. வண்டி இடது பக்கமா மண்ணுல இறங்குது. திரும்பத் தாருல ஏறும்போது அந்த விளிம்பு டயரோட உள்சுவத்த அறுக்குது. முன்டயரு ஏறும், பின்னாலயே பின்டயரும் ஏறும். ரெண்டும் தேயும். வலதுக்கு ஒண்ணும் ஆகாது. அம்புட்டுதான்."

கேட்டதும் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. டயர் இவ்வளவு பேசுமா! பாய் கையைத் துடைத்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்.

"யாரோ பயந்த ஆளு பக்கத்துல உக்காந்துருக்காங்கம்மா."

"கத்துக்க வர்றவங்க எல்லாரும் பயந்த ஆளுங்கதான் பாய்," என்றேன்.

"நான் ஓட்டுற ஆளைச் சொல்லல," என்று அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். வயசாகிவிட்டது, என்ன பேசுகிறோம் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஒரு வழி கண்டுபிடித்தேன். இடது டயர்கள் இரண்டின் உள்சுவரிலும் சாக்பீசால் வட்டமாகப் பட்டையாகப் பூசிவிட வேண்டும். தார் விளிம்பில் உரசினால் அந்த இடம் அழியும். வகுப்பு முடிந்ததும் பார்த்தால் யார் நேரத்தில் அழிந்தது என்று தெரிந்துவிடும். சுடிதாரோடு தரையில் படுத்துப் பூசினேன். எதிர் டீக்கடைக்காரர் பதறி ஓடிவந்து, "என்னம்மா, மயக்கமா?" என்றார்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

மூன்று நாள் முடிவு.

முதல் நாள் காலை என் வகுப்புக்குப் பிறகு அழிந்திருந்தது. ஆனால் மார்க்கெட் பக்கம் சேறு. கணக்கில் எடுக்க முடியாது.

இரண்டாம் நாள் காலை அழிந்திருந்தது. ஒரு மாடு குறுக்கே வந்ததால் ஒதுங்கினோம். மூன்றாம் நாளும் அதே மாதிரி ஒரு லாரிக்கு ஒதுங்கினோம். இரண்டையும் கணக்கில் எடுக்க முடியாது.

மூன்று நாளும் மாலை சோலைராஜ் வகுப்புக்குப் பிறகு சாக்பீஸ் பூசின மேனிக்கே இருந்தது. நான் படுத்துப் பூசுவதை அவன் பார்த்திருக்கிறான். அதனால் ஜாக்கிரதையாக இருக்கிறான். என்னைப் பார்த்து, "என்னக்கா, டயருக்குப் பவுடர் போடுறீங்களா?" என்று சிரித்தான். மடியில் கனம் இல்லாதவன் மாதிரி என்ன ஒரு சிரிப்பு.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஒரு பெண் நத்தம் ரோட்டில் ஓட்ட வேண்டும் என்றாள். அவள் மாமியார் வீடு அங்கேதானாம். அந்த ரோட்டில் வகுப்பு இல்லை என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். வேலை நடக்கிறது என்றேன். அங்கே ஒரு வேலையும் நடக்கவில்லை.

போன வருஷம் ஜூலையில் எங்கள் பழைய கார் அங்கேதான் போனது. ஒரு டிராக்டரை முந்திக்கொண்டு வந்த பஸ் எங்கள் பக்கத்துக்கு வந்துவிட்டது. தப்பு பஸ்மேல்தான் என்று போலீசும் எழுதிக்கொடுத்தது. ஓட்டிக்கொண்டிருந்தவள் சுகன்யா, இருபத்தாறு வயது, பதினெட்டாவது வகுப்பு. வலது பக்கம் முழுக்க உள்ளே வந்துவிட்டது. அவளுக்கு வலது கால் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இடது பக்கம் உட்கார்ந்திருந்த எனக்குக் கண்ணாடித் துண்டு பட்ட கீறல்கூட இல்லை.

இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. டயருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

தமிழரசி டெஸ்டில் பாஸ். எட்டு சுத்தமாகப் போட்டாள். ரோட்டில் ஓட்டிக் காட்டும்போது மட்டும் இன்ஸ்பெக்டர், "என்னம்மா இவ்வளவு ஓரமா போறீங்க? ரோடு உங்களுக்கும் சேத்துத்தான் போட்டிருக்கு," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க ஆளுங்க எல்லாருமே ஓரந்தான் மேடம்," என்று சிரித்தார். ஓரமாகப் போவது ஒரு குற்றமா! ஓரமாகப் போகிறவள் வீட்டுக்குப் போய்ச் சேருவாள்.

தமிழரசி இனிப்பு வாங்கிவந்து கொடுத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க கை பக்கத்துல இருந்ததாலதான் தைரியமா ஓட்டுனேன் மேடம்," என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல பெண்.

செப்டம்பர் 5, வியாழன்

இடது பக்கம் இரண்டும் மறுபடி புது டயர். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். "நோட்டுல ஒண்ணுமே இல்லையே மேடம்?" என்கிறார். சீக்கிரம் இருக்கும் என்றேன்.

நாளை முதல் மூன்று நாள் வேளாங்கண்ணி. என் காலை வகுப்பையும் சோலைராஜ்தான் எடுப்பான். புது டயரில் சாக்பீஸ் பூசிவிட்டேன், இந்தத் தடவை அவன் கண்ணில் படாமல். நான் ஊரில் இல்லாதபோது அழிந்தால் அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

செப்டம்பர் 9, திங்கள்

அழிந்திருந்தது. இரண்டு டயரிலும், ஒரு சுற்று முழுக்க. புது ரப்பரில் கோடுகூட விழுந்துவிட்டது.

முன்பக்கத்தில் தேதி போட்டு, சாக்பீஸ் விவரம் எல்லாம் எழுதி, முதலாளியிடம் காட்டினேன். போனிலும் படம் எடுத்துக் காட்டினேன். இந்தத் தடவை முழுசாகப் படித்தார். நான் ஊரிலேயே இல்லை என்பதை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். எனக்கு ஒரு மாதத்துப் பாரம் இறங்கினது போல இருந்தது. வேளாங்கண்ணி மாதா கைவிடவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

சோலைராஜை முதலாளி கூப்பிட்டுக் கேட்டார். நானும் இருந்தேன்.

"மூணு நாளும் காலையில ஓட்டுனது அக்காவோட ஆளுங்க சார்," என்றான்.

"ஓட்டுனது யாரோ, பக்கத்துல இருந்தது நீதான?"

சோலைராஜ் பதில் சொல்ல வாயெடுத்தான். என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம், "ஆமா சார், நான்தான் இருந்தேன்," என்றான். அவ்வளவுதான். சாவியை மேஜையில் வைத்துவிட்டு, உள்ளே கொடியில் தொங்கிய சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தப்பு செய்யாதவன் வாயை மூடிக்கொண்டு போவானா? நானாக இருந்தால் கூரை பறக்கக் கத்தியிருப்பேன். அவன் பெண்டாட்டிக்கு இது நிறைமாசம் என்று டீக்கடைக்காரர் சொன்னார். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் உண்மை உண்மைதான்.

செப்டம்பர் 11, புதன்

வேறு ஆள் கிடைக்கிற வரை மாலை வகுப்பும் நானே.

செப்டம்பர் 24, செவ்வாய்

புது டயர்கள் போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. நூல் தெரிகிறது.

ஒரு மாதமாக இரண்டு வேளையும் நானே எடுக்கிறேன், ஆண் பிள்ளைகள் முரட்டுத்தனமாக ஓட்டுகிறார்கள், ரோடும் சரியில்லை. ஒரு மாதம் இல்லை, இரண்டு வாரம்தான். முன்பக்கத்தில் "ரோடு சரியில்லை" என்று எழுதினேன். சாக்பீஸ் பூசுவதை விட்டுவிட்டேன். இனி அது எதற்கு? யார் நேரம் என்று பார்க்க இரண்டு பேர் வேண்டும்.

செப்டம்பர் 28, சனி

தாகிர் பாய் கடையில் ஒரு நீலக் கார் தூக்கி நிறுத்தியிருந்தது. அதன் இடது டயர் இரண்டும் கழற்றிக் கீழே கிடந்தன. நான் குனிந்து உள்சுவரைப் பார்த்தேன். பார்க்காமல் வந்திருக்கலாம். அதே செம்மண், அதே தார்ப்பொடி, அதே நூல்.

"யாரு வண்டி பாய்?"

"உங்க தபால் ஆபீஸ் அம்மாவோடது. லைசென்ஸ் வந்து ஓட்ட ஆரம்பிச்சு அஞ்சு வாரம்தான் ஆகுது, அதுக்குள்ள இந்தக் கோலம்." பாய் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "போன மாசம் ஒரு நர்ஸம்மா வண்டி. அதுக்கு முன்னாடி ஜவுளிக்கடைக்காரர் வீட்டம்மா வண்டி. இடது உள்பக்கம்னு சொன்னாலே, அமலா மேடம்கிட்ட கத்துக்கிட்டீங்களான்னு கேட்டுருவேன் டீச்சரம்மா. இது வரைக்கும் தப்புனதில்ல."

தமிழரசி சோலைராஜ் பக்கத்தில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. நர்ஸும் இல்லை, ஜவுளிக்கடைக்காரர் மனைவியும் இல்லை. எல்லாரும் என் பிள்ளைகள்.

நான் வேளாங்கண்ணியில் இருந்த மூன்று நாளும் வண்டியை மண்ணில் இறக்கினது யார் என்று இப்போது தெரிகிறது. அவன் சொன்னான். "ஓட்டுனது அக்காவோட ஆளுங்க" என்று சொன்னான். காதில் விழத்தான் செய்தது.

செப்டம்பர் 29, ஞாயிறு

பூசைக்குப் போய் நடுவில் எழுந்து வந்துவிட்டேன். வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அங்கே யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நத்தம் ரோட்டில் அன்று என் கையில் பேனா இருந்தது. ஒவ்வொரு வகுப்புக்கும் கற்றுக்கொள்பவர் அட்டையில் நாங்கள் கையெழுத்துப் போட வேண்டும். வண்டி நின்றபிறகு போட்டால் அடுத்த ஆள் வந்து நிற்பார் என்று ஓடும்போதே மடியில் வைத்துப் போட்டுவிடுவோம். நான் மட்டுமில்லை, எல்லாரும் அப்படித்தான். பதினெட்டு என்ற எண்ணுக்கு எதிரே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். "மேடம்" என்று சுகன்யா கூப்பிட்டாள். ஒரு தடவைதான் கூப்பிட்டாள். நிமிர்ந்தபோது பஸ் இருந்தது. காலுக்கு பிரேக் எட்டியது. கை பேனாவை விட்டுவிட்டு ஸ்டியரிங்குக்குப் போக நேரமில்லை. ஒரு சாண் இடது பக்கம் இழுத்திருந்தால் போதும்.

போலீஸ் கேட்டபோது பேனாவைப் பற்றிச் சொல்லவில்லை. சுகன்யாவும் சொல்லவில்லை. பார்த்திருக்க மாட்டாள், ரோட்டைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் ரோட்டைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அதிலிருந்து எதிரே பெரிய வண்டி வந்தால் என் கை போய்விடுகிறது. நான் போகச் சொல்வதில்லை. போனபிறகுதான் எனக்கே தெரிகிறது. சில நாள் அதுவும் தெரிவதில்லை. தெரியாத மாதிரி இருந்திருக்கிறேன் என்றும் சொல்லலாம்.

அக்டோபர் 3, வியாழன்

சோலைராஜ் வீட்டுக்குப் போனேன். ஊருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறானாம். அப்போதுதான் வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தான். உள்ளே சேலைத் தூளி ஆடிக்கொண்டிருந்தது. குழந்தை பிறந்துவிட்டது. ஆணா பெண்ணா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவனும் சொல்லவில்லை. வாசலில் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான்.

டயர் தேய்ந்தது என்னால்தான் என்று சொன்னேன். அவன் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்க்கா."

"எப்ப இருந்து?"

"உங்க ஆளுங்களோட மூணு நாளு போனேன்ல. எதுக்க பஸ்ஸு வந்தா யாரும் சொல்லாமலே எல்லாரும் மண்ணுல இறங்குறாங்க. ஒரு அம்மாட்ட ஏம்மா இறங்குறீங்கன்னு கேட்டேன். மேடம் கை இப்படித்தான் இழுக்கும், பழகிருச்சுன்னு சொன்னாங்க." துண்டால் முகத்தைத் துடைத்தான். "அதுக்கு முன்னாடியே தெரியும். நத்தம் ரோட்டுல இருந்து பழைய வண்டியக் கட்டி இழுத்துட்டு வந்தவன் நான்தானக்கா. அதுக்கப்பறம் நீங்க ஒரு நாளாவது வலது பக்கம் உக்காந்து பாத்திருக்கீங்களா? செட்டுக்குள்ள விடுறதுக்குக்கூட என்னையத்தான கூப்புடுவீங்க."

பதினாலு மாதம். நான் காரே ஓட்டவில்லை. அவன் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

"அன்னைக்கு சார்ட்ட ஏன்ப்பா சொல்லல?"

"சொன்னா உங்களத்தான் அனுப்புவாரு. உங்களுக்கு வீட்டுல யாரு இருக்கா? இந்த வயசுல எங்க போவீங்க? பாதிப் பேச்சு வாயில வந்துச்சு, உங்க மூஞ்சியப் பாத்தேன், விட்டுட்டேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னான். "நீங்க தெரியாம எழுதிட்டீங்கன்னு நெனச்சு விட்டேன்க்கா. மறுநாளாவது வருவீங்கன்னு நெனச்சேன். இன்னைக்குத் தேதி என்ன?"

திரும்ப வேலைக்கு வா, நான் பேசுகிறேன் என்றேன்.

"சார்ட்ட சொல்லிட்டீங்களா?"

இல்லை என்றேன்.

"அப்ப எதுக்கு மொதல்ல இங்க வந்தீங்க? பரவால்லக்கான்னு நான் சொல்லணும், அதக் கேட்டுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போகணும். அதான?"

உள்ளே குழந்தை அழுதது. எழுந்து போய்விட்டான். அவன் பெண்டாட்டி ஒரு டம்ளரில் காபி கொண்டுவந்து ஸ்டூல் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுப் போனாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. குடிக்காமல் வந்தால் மரியாதையில்லை, குடித்தால் வெட்கம். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அக்டோபர் 7, திங்கள்

முதலாளி ஊரில் இல்லை. நாளை சொல்ல வேண்டும்.

அக்டோபர் 8, செவ்வாய்

வந்தார். சொல்லவில்லை. என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. காரைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். இடது பக்கம் மறுபடி புது டயர். நாளை விஜயதசமிக்குச் சேருகிற பெண்கள் பாதிப் பேர் பூஜைக்கே வந்துவிட்டார்கள். பழனியிலிருந்து வந்திருக்கிற புது டிரெய்னரும் கைகட்டி நின்றார்.

பூசணிக்காய் உடைத்தானதும் முதலாளி சாவியை என்னிடம் நீட்டினார். "மேடம், நம்ம ஸ்கூல்ல சீனியர் நீங்கதான். எலுமிச்சம்பழத்து மேல நீங்களே ஏத்தி எடுங்க." எல்லாரும் கை தட்டினார்கள்.

வலது பக்கக் கதவைத் திறந்தேன். ஏற முடியவில்லை. காலைத் தூக்கிவைத்தால் போதும், அது வரவில்லை. ஏதாவது சாக்கு சொல்லியிருக்கலாம். தலை சுற்றுகிறது என்றால் நம்பியிருப்பார்கள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்.

"சார், என்னால ஓட்ட முடியாது. நத்தம் ரோட்டுக்கு அப்பறம் நான் ஓட்டவே இல்ல. டயரத் தேச்சது நான்தான். சோலைராஜ் மேல தப்பே இல்ல. அவருக்கு வேலை போனது என் பொய்யால."

ஊதுவத்திப் புகைதான் நகர்ந்தது. முதலாளி சிரித்தார். "மேடம் ரொம்ப நல்லவங்க, யாரு தப்பையும் தன் தலைமேல போட்டுக்குவாங்க," என்று அந்தப் பெண்களிடம் சொல்லிவிட்டு, சாவியை வாங்கிப் பழனிக்காரரிடம் கொடுத்தார். அவர் ஏறி எடுத்தார். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. மறுபடி கை தட்டினார்கள். எனக்கும் ஒரு கை சுண்டல் வந்தது.

கூட்டம் போனபிறகு ஆபீசில் நின்றேன். தப்பு செய்த ஆளுக்கு இங்கே வேலை இல்லை என்று சொன்னீர்களே என்று கேட்டேன்.

"அது சோலைராஜுக்குச் சொன்னது மேடம். அந்தாளு போனா இன்னொருத்தன் வருவான், வந்தாச்சு. லேடீஸ் டிரெய்னருக்கு நான் எங்க போவேன்? நாளைக்குப் பதினோரு பேரு உங்களுக்காகத்தான் சேர்றாங்க. டயரு தேஞ்சா தேயட்டும், விடுங்க."

"அவர் திரும்ப வரட்டும் சார்."

"வந்தா இந்த ஆள எங்க வைக்கிறது? போனது போகட்டும். இனிமே நோட்டெல்லாம் எழுத வேணாம்."

என்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 12, சனி

இனிமேல் இங்கே வரமாட்டேன் என்று முடிவு செய்து ஐந்து மணிக்கு எழுந்தேன். ஐந்தரைக்குக் குளித்து, ஆறுக்கு ஸ்கூல் வாசலில் நின்றேன். எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

வந்தவர்களில் ஒருத்தி, ஸ்டெல்லா, முன்பே கொஞ்சம் ஓட்டிப் பழகியவள். அவளை நத்தம் ரோட்டுக்குப் போகச் சொன்னேன். எதிரே பஸ் வந்தது. இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். வாயைத் திறந்து, "நேராப் புடிம்மா, அது அதுபாட்டுக்குப் போகும்," என்று சொன்னேன். பஸ் போய்விட்டது. நாங்கள் தாரில்தான் இருந்தோம். நடுவில் இன்னொரு காரே போகிற அளவு இடமிருந்தது.

வண்டியை ஓரம்கட்டச் சொல்லி இறங்கி, சோலைராஜுக்குப் போன் போட்டேன். முதலாளியிடம் சொன்னதைச் சொல்ல வேண்டும். இதையும் சொல்ல வேண்டும். இரண்டு தடவை முழுசாக அடித்தது. எடுக்கவில்லை. மூன்றாம் தடவை போட்டபோது, இந்த எண்ணுக்கு உங்கள் எண்ணிலிருந்து இனி அழைக்க முடியாது என்று வந்தது.